கோத்தகிரியில பிள்ளைங்களுக்கு ரோட்ல நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் சொல்லித்தர்ற சனிக்கிழமை கிளாஸ்: எங்க வீட்டு அனுபவம்

ரெண்டு பிள்ளைங்களையும் இந்த கிளாஸுக்கு அனுப்பி முடிச்சு மூணு வாரம் ஆச்சு. நான் தையல் கடை வெச்சிருக்கேன், கடைக்கு வர்றவங்க எல்லாம் "எப்படிங்க இருந்துச்சு, ரோட்ல நடக்கறதுக்கெல்லாமா பணம் குடுத்து கத்துக்கணும்"னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா நின்னு சொல்ல முடியல, அதான் இங்கயே முழுசா எழுதிடறேன். கொஞ்சம் பெருசா வரும், பொறுமையா படிங்க, பிள்ளைங்க விஷயம்.

யாரு நடத்துறாங்கன்னா, 30 வருஷத்துக்கு மேல மலை ரூட்ல பஸ் ஓட்டி ரிட்டயர்ட் ஆன ஒரு சார், அப்புறம் சைக்கிள் டிரெய்னிங் முறையா படிச்சுட்டு வந்த ஒரு அக்கா, ரெண்டே பேரு. போர்டு கிடையாது, ஆபீஸ் கிடையாது. நாலு சனிக்கிழமை, காலைல 7.30ல இருந்து 10 மணி வரைக்கும். ஒரு பிள்ளைக்கு 700 ரூபா, ஒரே வீட்ல ரெண்டு பேருன்னா 1200. சைக்கிள் இல்லன்னா அவங்களே குடுக்குறாங்க, ஹெல்மெட்டும் அவங்களோடது தான்.

நாங்க ஏன் போனோம்னு சொல்லிடறேன். பெரியவ ஏழாவது, சின்னவன் நாலாவது. வீட்ல இருந்து ஸ்கூலுக்கு ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும், பாதி தூரம் எஸ்டேட் வழி, மீதி மெயின் ரோடு. நாங்க எல்லாம் அப்படித்தான் நடந்து படிச்சோம், ஆனா அப்ப இருந்த ரோடு வேற, இப்ப இருக்குற ரோடு வேற. சீசன்ல ஊட்டியில இருந்து கீழ இறங்குற வண்டிய பூரா கோத்தகிரி வழியா திருப்பி விடறாங்க, மேல ஏறுறது குன்னூர் வழி, இறங்குறது நம்ம வழி. 2024 மே மாசத்துல இருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்துச்சு, அடுத்த வருஷம் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி தான்னு கணக்கும் வெச்சாங்க, ஊட்டிக்கு சாதா நாள்ல 6000, சனி ஞாயிறுல 8000. கணக்கு இருந்தாலும் அத்தனை வண்டி வந்துட்டு போற ரோட்டு ஓரத்துல தான் நம்ம பிள்ளைங்க பேக்க மாட்டிக்கிட்டு போகுதுங்க.

போன ஐப்பசியில ஒரு நாள் சாயங்காலம், மிஸ்ட் நல்லா இறங்கி இருந்துச்சு, ரெண்டு பேரும் ஸ்கூல் விட்டு வர்றப்ப பெரியவ தம்பி கைய புடிச்சுக்கிட்டு ரோட்ட கிராஸ் பண்ணிருக்கா, காது குடுத்து கேட்டுட்டு தான் போயிருக்கா, சத்தமே இல்ல. பெட்ரோல் மிச்சம் பண்றதுக்காக இன்ஜின ஆஃப் பண்ணிட்டு இறக்கத்துல சும்மா உருண்டு வந்த ஒரு ஆட்டோ, ஒரு முழம் இடைவெளில நின்னுச்சாம். ஆட்டோக்காரர் இறங்கி வந்து பிள்ளைங்கள கடை வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டு போனாரு, அவருக்கும் கை நடுங்குச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. என் பொண்ணு தப்பு ஒண்ணும் பண்ணல, நான் சொல்லிக் குடுத்தத அப்படியே தான் பண்ணா. "நின்னு, கேட்டு, பார்த்து போ"னு தான் நான் சொல்லிருந்தேன். இந்த ஊர்ல கேக்குறது மட்டும் போதாதுன்னு எனக்கே தெரியல.

ஸ்கூல்ல (பேரு வேண்டாம்) வருஷத்துக்கு ஒரு தடவை சாலை பாதுகாப்பு வாரம் நடத்துறாங்க, ஓவியப் போட்டி, ஊர்வலம், உறுதிமொழி எல்லாம் உண்டு. சின்னவன் ஜீப்ரா கிராஸிங் வரைஞ்சு பரிசு கூட வாங்குனான். எங்க வீட்ல இருந்து ஸ்கூல் போற வழியில ஒரு ஜீப்ரா கிராஸிங் கூட கிடையாது, ஃபுட்பாத் கிடையாது, சிக்னல் கிடையாது. டீச்சர்ங்கள குறை சொல்லல, அவங்களுக்கு குடுத்த போஸ்டர்ல சமவெளி ரோடு தான் இருக்கு. இந்த கிளாஸ் பத்தி நான் இவ்வளவு தூரம் எழுதறதுக்கு காரணமே அது தான், இவங்க போஸ்டர எடுக்கல, பிள்ளை தினமும் போற ரோட்டுக்கே கூட்டிட்டு போய் அங்க நிக்க வெச்சு சொல்லித் தர்றாங்க.

முதல் வாரம் சைக்கிள கண்ணுலயே காட்டல. சின்னவனுக்கு ஏமாத்தமா போச்சு. பச்சை தேயிலை ஏத்துற லாரி ஒண்ண தெரிஞ்சவர்ட்ட கேட்டு வாங்கி ஒரு சமமான இடத்துல நிறுத்தி வெச்சிருந்தாரு சார், சாவி அவரு பாக்கெட்ல. ஒவ்வொரு பிள்ளையா டிரைவர் சீட்ல ஏத்தி உக்கார வெச்சாரு, சீட்ல மணை போட்டு டிரைவர் உயரத்துக்கு கொண்டு வந்து. என் பொண்ணு மேல, தம்பி கீழ லாரி முன்னாடி பம்பர தொட்டுட்டு நிக்கறான். "தம்பி எங்க கண்ணு?"ன்னாரு. இவ எட்டி எட்டி பார்த்துட்டு "இல்லைங்க சார்"னா. அவன் கையத் தூக்குனான், கண்ணாடிக்கு கீழ விரல் நுனி மட்டும் தெரிஞ்சுச்சு. அப்புறம் அவன ஒவ்வொரு அடியா பின்னாடி போகச் சொன்னாரு, தலை தெரிய எத்தனை அடி, முகம் தெரிய எத்தனை அடின்னு எல்லாரையும் சத்தமா எண்ணச் சொன்னாரு. இடது பக்கம் கதவு ஓரத்துல நாலு பிள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சாரு, மேல இருந்து ஒருத்தர் கூட தெரியல. அவரு சொன்னது இது தான், "டிரைவர் முகம் உனக்கு தெரிஞ்சா தான் சாமி அவருக்கு நீ தெரிவ, முகம் தெரியலையா, அவரப் பொறுத்தவரை நீ அங்க இல்ல." சின்ன பிள்ளைங்களுக்கு எப்பவும் ஒரு நினைப்பு உண்டு, வண்டிய நான் பார்த்துட்டேன், அதனால வண்டிக்காரரும் என்னைப் பார்த்துட்டாருன்னு. அந்த நினைப்ப வாயால சொல்லி மாத்தவே முடியாது. சீட்ல உக்காந்து தம்பி காணாம போனத பார்த்தவளுக்கு மாறிடுச்சு.

அன்னைக்கே வளைவு பாடமும். ரோட்ல நடக்கும்போது ஃபுட்பாத் இல்லன்னா வலது பக்கமா, எதிர்ல வர்ற வண்டிய பார்த்த மாதிரி நடக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா மலை ரோட்ல அத அப்படியே கடைசி வரைக்கும் பிடிச்சுட்டு போனா ஆபத்துன்னு எனக்கு 38 வயசுல தான் தெரிய வந்துச்சு. ரோடு வலது பக்கமா வளையுது, வளைவோட உள்பக்கம் மண் மேடு, நீங்க அந்த மேட்ட ஒட்டி நடக்குறீங்க, எதிர்ல வர்ற வண்டியும் அதே மேட்ட ஒட்டி தான் வரும், கிட்ட வர்ற வரைக்கும் அவரும் உங்கள பாக்க முடியாது, நீங்களும் அவர பாக்க முடியாது. சார் என்ன பண்ணாருன்னா, ரெண்டு சிவப்பு தொப்பி எடுத்து ஒண்ண வளைவோட உள்பக்கம் மேட்டு ஓரத்துல ஒரு கம்புல மாட்டுனாரு, இன்னொண்ண வெளிப்பக்கம் கைப்பிடிச் சுவர் ஓரத்துல. வளைவுக்கு அந்தப் பக்கத்துல இருந்து பிள்ளைங்கள நடந்து வரச் சொல்லி, எந்த தொப்பி முதல்ல கண்ணுல பட்டுச்சு, அங்க இருந்து தொப்பிக்கு எத்தனை அடின்னு எண்ணச் சொன்னாரு. வெளிப்பக்க தொப்பி 40 அடி தள்ளி இருக்கும்போதே தெரிஞ்சுச்சு, உள்பக்க தொப்பி 12 அடில. அதனால அப்படிப்பட்ட வளைவு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, ரெண்டு பக்கமும் நல்லா தெரியுற நேர் ரோட்லயே கிராஸ் பண்ணி வெளிப்பக்கத்துக்கு போயிடணும், வளைவு தாண்டி நேர் ரோடு வந்ததும் திரும்ப வலது பக்கம் வந்துடணும். பள்ளம் உள்பக்கம் இருக்குற வளைவுல இந்த கஷ்டம் இல்ல, அந்தப் பக்க ரோடு திறந்து தெரியும். எந்த வளைவு எப்படின்னு பிள்ளைங்களே பார்த்து சொல்லணும், சார் வாய தொறக்க மாட்டாரு. வளைவுலயே கிராஸ் பண்றது மட்டும் எப்பவுமே கூடாது.

ரெண்டாவது வாரம் அக்கா எடுத்தாங்க, அது தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. எல்லாரும் தினமும் போடுற மங்கி குல்லா, ரெயின்கோட், குடையோட வரச் சொல்லிருந்தாங்க. ரெயின்கோட் ஹூட போட்டுட்டு நேரா பாருங்கன்னாங்க, அவங்க பக்கவாட்டுல நின்னு விரலைக் காட்டி எத்தனைன்னு கேட்டாங்க, ஒருத்தருக்கும் தெரியல. ஹூட தள்ளுனதும் எல்லாரும் சொல்றாங்க. கழுத்த மட்டும் திருப்புனா ஹூட் கூடவே திரும்பாது, கண்ணு ஹூட் துணிக்குள்ளயே தான் இருக்கும், உங்க பிள்ளைக்கு போட்டு பாருங்க புரியும். அப்புறம் குல்லாவ காது வரைக்கும் இழுத்து விட்டுட்டு பின்னாடி இருந்து சைக்கிள் பெல் அடிச்சாங்க, எந்தப் பக்கம்னு கேட்டாங்க, பாதி பேரு தப்பா கைய காட்டுனாங்க. குளிருக்கு குல்லா வேணும், வேண்டாம்னு சொல்லவே இல்ல. கிராஸ் பண்ற இடம் வந்ததும் நின்னு, ஹூட பின்னாடி தள்ளி, குல்லாவ காதுக்கு மேல ஏத்தி, உடம்போட முழுசா திரும்பி ரெண்டு பக்கமும் பார்த்து, அப்புறம் போய், அந்தப் பக்கம் சேர்ந்ததும் திரும்ப போட்டுக்கோ. சாரல் முகத்துல அடிக்குதுன்னு குடைய முன்னாடி சாய்ச்சு பிடிக்குற பழக்கம் நம்ம எல்லாருக்கும் உண்டு, பெரியவங்களுக்கும் தான், அது கண்ணுக்கு நேரா கதவ சாத்துற மாதிரின்னாங்க.

ஆட்டோ விஷயத்த நான் சார்கிட்ட முன்னாடியே சொல்லிருந்தேன். அவரு தன்னோட ஜீப்ப இன்ஜின் ஆஃப் பண்ணி, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு சின்ன சரிவுல மெதுவா உருட்டி காட்டுனாரு, பிள்ளைங்க எல்லாம் கண்ண மூடிட்டு ஓரத்துல நிக்குதுங்க, அக்கா காவலுக்கு முன்னாடி நிக்கறாங்க. வண்டி எப்ப தாண்டுச்சுன்னு கை தூக்கச் சொன்னாங்க. தாண்டுன அப்புறம் தான் எல்லா கையும் ஏறுச்சு. என் பொண்ணு கண்ண தொறந்து என்னைத் திரும்பி பார்த்தா. அந்த பார்வைய என்னால மறக்க முடியாது, மாசக்கணக்கா அது தன் தப்புன்னு மனசுல வெச்சுட்டு இருந்திருக்கா பிள்ளை.

உடுப்பு பத்தியும் சொன்னாங்க, இது என் தொழில் சம்பந்தப்பட்டதுங்கறதால நானே உக்காந்து கேட்டேன். நம்ம ஸ்கூல் ஸ்வெட்டர் எல்லாம் மெரூன், நேவி ப்ளூ, கரும்பச்சை, மிஸ்ட்ல ஒண்ணுமே தெரியாது. பளிச்னு இருக்குற மஞ்சள், ஆரஞ்சு கலர் பகல்லயும் மிஸ்ட்லயும் உதவும், ஆனா இருட்டுன அப்புறம் அந்த கலருக்கு வேலை இல்ல, அப்ப ஹெட்லைட் பட்டா திருப்பி அடிக்கிற ரிஃப்ளெக்டர் டேப் தான் வேணும். ரெண்டும் வேற வேறன்னு நிறைய பேருக்கு தெரியாது. நான் வாங்கி ரெண்டு பேக்லயும் பின்னாடியும், தோள் பட்டைலயும் தைச்சேன். ரெயின்கோட்ல மட்டும் தைக்காதீங்க, ஊசி போன ஓட்டை வழியா தண்ணி உள்ள இறங்கும், அதுக்கு ஒட்டுற டேப் தான் சரி, துணிய நல்லா துடைச்சு காய வெச்சுட்டு ஒட்டுங்க. அடுத்து வந்த வாரம் எங்க லைன்ல ஆறு பிள்ளைங்க பேக்குக்கு தைச்சு குடுத்தேன், காசு வாங்கல. கவர்ன்மென்ட் ஸ்கூல்ல மலைப்பகுதி பிள்ளைங்களுக்கு ஸ்வெட்டர், ரெயின்கோட், பூட்ஸ், சாக்ஸ் எல்லாம் விலையில்லாம குடுக்குறாங்க, நல்ல விஷயம், அந்த ரெயின்கோட் முதுகுல ஒரு பட்டை டேப்பும் சேர்த்தே வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்.

மூணாவது வாரம் தான் சைக்கிள். ஏறுறதுக்கு முன்னாடி செக்கிங். முன் சக்கரத்துல ஆரம்பிச்சு, மேல ஹேண்டில் பாருக்கு போய், கீழ பெடல் செயினுக்கு இறங்கி, திரும்ப சீட்டுக்கு ஏறி, பின் சக்கரத்துல முடியுது, கையால கோடு போட்டா இங்கிலீஷ் எம் எழுத்து மாதிரி வரும். இங்கிலாந்துல 2007ல இருந்து ஸ்கூல் பிள்ளைங்களுக்கு பைக்கபிலிட்டினு ஒரு பயிற்சி நடக்குதாம், முதல் படி வண்டி வராத மைதானம், ரெண்டாவது அமைதியான ரோடு, மூணாவது நெரிசல் ரோடு, ஒண்ணு சரியா வந்தா தான் அடுத்தது. அந்த முறைய தான் நம்ம ரோட்டுக்கு தகுந்த மாதிரி மாத்தி எடுத்துக்கிட்டேன்னு அக்கா சொன்னாங்க. நெதர்லாந்துல பிரைமரி ஸ்கூல் முடிக்கிற வயசுல பிள்ளைங்களுக்கு போக்குவரத்து பரீட்சையே இருக்கு, எழுத்துலயும் ரோட்லயும். ஆனா நெதர்லாந்து தட்டையான ஊரு, ஏத்த இறக்கத்துக்கு அவங்க கிட்ட பாடம் கிடையாது, அத நாம தான் எழுதணும்னாங்க.

ஹெல்மெட் மாட்டுறதுக்கே அரை மணி நேரம் எடுத்தாங்க. புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடைவெளி, அதுக்கு மேல தூக்கி நெத்தி தெரிய போடக் கூடாது. காதுக்கு கீழ ரெண்டு வாரும் சேர்ந்து வி மாதிரி வரணும். தாடைக்கு கீழ வார் போட்டா ஒரு விரல் நுழையணும், வாய பெருசா தொறந்தா ஹெல்மெட் கீழ இழுக்கணும். சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம் இல்ல, டூவீலர்ல பின்னாடி உக்கார்ற நாலு வயசுக்கு மேல இருக்குற பிள்ளைக்கு கட்டாயம். நம்ம ஊர்ல ரெண்டுக்கும் போடறவங்க கம்மி.

பிரேக் பாடத்த பத்தி சொல்லாம இருக்க முடியாது. வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக், முன் பிரேக்குக்கு தான் நிறுத்துற சக்தி ஜாஸ்தி, ஆனா இறக்கத்துல அத மட்டும் சடார்னு பிடிச்சா ஆள் முன்னாடி போய் விழுவான், ரெண்டையும் சேர்த்து, உடம்ப கொஞ்சம் பின்னாடி தள்ளி, மெதுவா அழுத்தணும். தரையில சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு, கோட்ட தொட்டதும் பிரேக் பிடின்னு சொல்லி எங்க நிக்குதுன்னு அடி அளந்தாங்க. சின்னவன் காய்ஞ்ச ரிம்ல நாலு அடில நின்னான். அப்புறம் ஒரு மக்குல தண்ணி எடுத்து ரெண்டு ரிம்லயும் ஊத்தி திரும்ப ஓட்டச் சொன்னாங்க, அதே வேகம், ஒன்பது அடி தாண்டி தான் நின்னுச்சு. அவன் இறங்கி பிரேக் கட்டைய தொட்டு பார்த்துட்டு, "பிரேக் கெட்டு போச்சா அக்கா"ன்னு கேட்டான். கெட்டு போகல, ரிம்ல இருக்குற தண்ணிய கட்டை துடைச்சு எடுக்கறதுக்கே ரெண்டு மூணு சுத்து ஆகுது, அதுக்கு அப்புறம் தான் பிடிக்கும், அதனால மழைல முன்கூட்டியே லேசா அழுத்தி துடைச்சுக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. நீளமான இறக்கத்துல பிரேக்க ஒரேயடியா அழுத்தி பிடிச்சுட்டே வந்தா ரிம்மும் கட்டையும் சூடாகி பிடிப்பு குறைஞ்சுடும், அழுத்தி வேகத்த குறை, விடு, திரும்ப அழுத்து, உச்சியிலயே மெதுவா ஆரம்பி. கார் லாரிக்கும் அதே கதை தான், சமவெளில இருந்து வர்றவங்க டாப் கியர்ல பிரேக்க மிதிச்சுட்டே இறங்குவாங்க, அந்த கருகுன வாசம் வந்தா ரோட்ட விட்டு தள்ளி நில்லுன்னு சார் சொன்னாரு. ஏத்தத்துல எந்த கியர்ல ஏறுறோமோ அதே கியர்ல இறங்கணும்ங்கறது மலை டிரைவர்ங்களோட பழைய கணக்கு, அத அவரு பிள்ளைங்களுக்கு புரியுற மாதிரி சொன்னது எனக்கு ஆச்சரியம்.

அவரோட ஒரு விதி எங்க வீட்ல இப்ப சட்டம் மாதிரி ஆயிடுச்சு. பிரேக் பிடிச்சும் வேகம் கூடுதுன்னா அது ஓட்டுற இறக்கம் இல்ல, இறங்கி தள்ளுற இறக்கம். தள்ளிட்டு போறது வெக்கம் இல்லன்னு காட்ட அவரே தொப்பியும் ஸ்வெட்டருமா சைக்கிள தள்ளிக்கிட்டு முன்னாடி நடந்தாரு, பின்னாடி பிள்ளைங்க வரிசையா. சாப்பாட்டு பைய ஹேண்டில் பார்ல மாட்டக் கூடாது, ஆடி ஆடி முன் சக்கரத்துக்குள்ள போகும், ஷூ லேஸ உள்ள சொருகணும், துப்பட்டா போடற பொண்ணுங்க பின் குத்தி முடிஞ்சுக்கணும், இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி இருக்கும், விழுறவங்க பாதி பேரு இதுல தான் விழுறாங்கன்னாங்க.

நாலாவது வாரம் ஊர் ரோடு. காலைல நெரிசல் இல்லாத நேரத்துல ராம்சந்த் பக்கம் கூட்டிட்டு போய் பஸ் நிக்குற இடத்துல பஸ்ஸுக்கு முன்னாடி புகுந்து கிராஸ் பண்ணாம, பஸ் போற வரைக்கும் நிக்கறது எப்படின்னு பழக்குனாங்க. நிக்கறது தான் பாடம், வேற ஒண்ணும் இல்ல, ஆனா பத்து வயசு பிள்ளை வீட்டுக்கு போற அவசரத்துல ஒரு நிமிஷம் நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு பார்த்தா தான் தெரியும். அப்புறம் அவங்கவங்க வீட்டு வழிய அவங்கவங்களே நடந்து காட்டணும், கூட பெரியவங்க ஒருத்தர் கண்டிப்பா வரணும். எங்க வழில சார் மூணு இடத்துல நின்னாரு. ஒண்ணு அந்த ஆட்டோ வந்த இடம், அங்க இருந்து 30 அடி மேல போய் கிராஸ் பண்ணா ரெண்டு பக்கமும் தெரியுது, 30 அடி தான், இத்தனை வருஷமா எனக்கு தோணல.

எஸ்டேட் வழிக்கு வேற பாடம். காட்டுமாடு நம்ம ஊர்ல தேயிலைக்குள்ள எப்ப வேணா நிக்கும், அது பாட்டுக்கு நிக்குது, நாம பாட்டுக்கு போலாம்னு நினைக்க கூடாது, கன்னுக்கும் தாய்க்கும் நடுவுல போகக் கூடாது, கல்லெறியக் கூடாது, போட்டோ எடுக்க கிட்ட போகக் கூடாது, அது போற வரைக்கும் தள்ளி நின்னு, இல்லன்னா திரும்பி வேற வழி. கரடிக்கு பயந்து பேசாம போற பிள்ளைங்க உண்டு, அது தான் தப்பு, விடியக்காலைலயும் பொழுது சாயறப்பவும் புதர் பக்கம் சத்தமா பேசிட்டே கூட்டமா போகணும், திடீர்னு கிட்ட போய் நின்னா தான் அது பயந்து பாயும். எங்க லைன்ல இருந்து ஒன்பது பிள்ளைங்க ஒரே ஸ்கூல் பக்கம் போகுதுங்க, அவங்கள ஒரே நேரத்துல கிளப்பி, பெரியவ ஒருத்தி முன்னாடி, இன்னொரு பையன் கடைசில, நடுவுல சின்னதுங்க, வாரத்துக்கு ஒரு வீட்டு ஆளு கூட போறதுன்னு நாங்க ஏற்பாடு பண்ணிட்டோம். வெளிநாட்டுல இதுக்கு வாக்கிங் பஸ்னு பேரு வெச்சிருக்காங்களாம். எங்க அம்மா காலத்துல பேரு இல்லாம இதே தான் நடந்துச்சு, நடுவுல வேன், ஆட்டோன்னு வந்து விட்டு போச்சு.

இப்ப குறைங்க. இருக்கு, நிறையவே இருக்கு.

எட்டு சைக்கிள் வெச்சிருக்காங்க, அதுல மூணுல பிரேக் கட்டை தேய்ஞ்சு போய் இருந்துச்சு. பிரேக் பாடம் எடுக்குறவங்களே இப்படி வெச்சிருந்தா எப்படிங்க? செக்கிங்ல பிள்ளைங்களே கண்டு பிடிச்சு சொன்னாங்க, உடனே ஓரம் கட்டிட்டாங்க, ஆனா அதுக்கு அப்புறம் அஞ்சு சைக்கிள்ல 22 பிள்ளைங்க, முறை வர்றதுக்கு 20 நிமிஷம் நிக்கணும், குளிர்ல. சின்னவனுக்கு முதல்ல குடுத்த சைக்கிள்ல கால் தரைய தொடல, நான் போய் சொன்னதுக்கு அப்புறம் தான் மாத்துனாங்க. இறக்கத்துல ஓட்டுற பிள்ளைக்கு சீட்ல உக்காந்தா ரெண்டு பாதத்தோட முன் பகுதியாவது தரையில படணும், இத அவங்களே சொல்லிட்டு அவங்களே மறந்தது எனக்கு கோவம் தான்.

22 பிள்ளைங்களுக்கு ரெண்டு பேரு பத்தாது. நடக்குற பாடம் சமாளிச்சாங்க, சைக்கிள் அன்னைக்கு முடியல. பேட்சுக்கு 12க்கு மேல எடுக்காதீங்கன்னு நேர்லயே சொன்னேன், சார் கேட்டுக்கிட்டாரு, அடுத்த பேட்ச ரெண்டா பிரிக்கறதா சொன்னாரு, 700 ரூபா 800 ஆனாலும் பரவால்ல, பிரிக்கட்டும்.

மழை. நமக்கு வடகிழக்கு பருவமழை தான் பெருசு, ஐப்பசி கார்த்திகைல போட்டா பாதி நாள் கேன்சல் ஆகும்னு தெரியாதா. ரெண்டு சனிக்கிழமை காலைல 7 மணிக்கு தான் வாட்ஸப்ல மெசேஜ் வந்துச்சு, அதுக்குள்ள கீழ்கோத்தகிரி பக்கத்துல இருந்து முதல் பஸ்ல ஒரு அம்மா ரெண்டு பிள்ளைங்களோட வந்து இறங்கி நின்னாங்க. முந்தின நாள் ராத்திரியே சொல்லிடுங்க, இல்லன்னா நனைஞ்சுட்டே நடக்குற பாடத்த வெச்சுக்கோங்க, மழைல ஸ்கூல் லீவு இல்லையே எப்பவும். பாத்ரூம் வசதியும் சரியில்ல, பக்கத்து வீட்ல கேட்டு தான் பொண்ணுங்க போனாங்க.

இன்னொண்ணு, அப்பாக்களுக்கு ஒரு நாளாவது கிளாஸ் வெக்கணும். பிள்ளைக்கு கிராஸிங் சொல்லிக் குடுத்துட்டு இருக்கோம், அதே ஸ்கூல் வாசல்ல நம்ம ஆளுங்க தான் பைக்க ரிவர்ஸ்ல திருப்பி, மூணு பேர ஏத்திட்டு, இறக்கத்துல நியூட்ரல்ல போறாங்க. குறுகலான மலை ரோட்ல மேல ஏறுற வண்டிக்கு தான் வழி, இறங்குறவர் தான் ஒதுங்கணும், சட்டத்துலயே இருக்கு, எத்தனை பேரு விடறாங்க?

எந்த வயசுக்கு அனுப்பலாம்னு கேக்குறாங்க. நடக்குற பாடம் ரெண்டாவது படிக்கிற பிள்ளைல இருந்தே அனுப்பலாம், ஆனா கிளாஸ் முடிச்சுட்டான்னு எட்டு வயசு பிள்ளைய தனியா மெயின் ரோட்ட கிராஸ் பண்ண விட்டுடாதீங்க. அந்த வயசுல வர்ற வண்டி எவ்வளவு வேகம்ங்கறது கண்ணுக்கு பிடிபடாது, தூரத்துல இருக்குன்னு மட்டும் தெரியும், அது புத்தி குறைவு இல்ல, வளர்ச்சி அப்படி. என் சின்னவனும் அவன் அக்கா கைய விடாம தான் போறான், இன்னும் ரெண்டு வருஷத்துக்கு அப்படித்தான். சைக்கிள எங்க வீட்டு இறக்கத்துல இப்போதைக்கு அவன் தள்ளிட்டு தான் வர்றான், சமமான எஸ்டேட் ரோட்ல மட்டும் ஓட்டறான், பெரியவ ஸ்கூலுக்கு வாரத்துல ரெண்டு நாள் ஓட்டிட்டு போறா. பதினொண்ணாவதுல கவர்ன்மென்ட் சைக்கிள் வாங்குற அண்ணன் அக்காங்களையும் கூட்டிட்டு வாங்க, சைக்கிள் கையில வருது, இறக்கத்துல எப்படி பிடிக்கணும்னு சொல்ல ஆள் வேணும்ல.

அஞ்சுக்கு எத்தனைன்னு கேட்டா நடக்குற பாடத்துக்கு அஞ்சு, சைக்கிளுக்கு மூணு தான் குடுப்பேன், கட்டைய மாத்தி பேட்ச குறைச்சா அதுக்கும் அஞ்சு குடுக்குறேன்.

போறவங்களுக்கு: டானிங்டன் பக்கம் எந்த கடையில கேட்டாலும் வழி சொல்லுவாங்க. அடுத்த பேட்ச் மழை நின்னதும்னு சொல்லிருக்காங்க. 7.15க்கே போயிடுங்க, கொறிக்க ஏதாவது குடுத்து விடுங்க, சொந்த சைக்கிள் இருந்தா கண்டிப்பா அதையே கொண்டு போங்க, முந்தின நாளே பிரேக் கட்டைல கோடு கோடா பள்ளம் இன்னும் தெரியுதான்னு பாருங்க, வழவழன்னு ஆயிருந்தா மாத்திடுங்க. கிளாஸுக்குன்னு புது டிரஸ், புது ஷூ எதுவும் வேண்டாம், தினமும் ஸ்கூலுக்கு போடற அதே குல்லா, அதே ரெயின்கோட், புக்கு எல்லாம் அடுக்குன அதே பேக்கோட அனுப்புங்க.